ஏழுமலைக்கு நான் பழக்கிய தப்பு

ஏழுமலையின் சதுரங்க ஆட்டத்தைக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன். திட்டம் போட்டுக் கெடுத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர்கள். நான் தியாகதுருகம். அவன் கல்வராயன் மலை அடிவாரத்து ஆள், என்னைவிட ஆறு வயது இளையவன். சர்க்கரை ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எடை மேடைக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகும். அந்த வரிசையில்தான் எங்களுக்குச் செல்போனில் சதுரங்கம். ஆளுக்கு மூன்று நிமிடம். அதற்குமேல் ஆட முடியாது. முன்வண்டி நகர்ந்துவிடும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான்.

அவன் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தான். அதோடு விட்டானா? வாயை மூட மாட்டான்.

"இன்னாணா, உன் ராஜா வூட்ல இல்லியா? அட்ரஸ் சொல்லு, தேடிக்கினு வர்றன்!"

வரிசையே சிரிக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும்! இதற்கெல்லாமா கோபம் என்று கேட்கிறீர்கள். ஆறு மணி நேரம் வெயிலில் நின்றுகொண்டு தோற்றுப் பாருங்கள், தெரியும்.

பயிற்சி எடுத்தேன். ஒழுங்கான பயிற்சிதான், அதில் பொய் இல்லை. காலையில் டீ குடிக்கும் முன் முப்பது புதிர். தோற்ற ஆட்டங்களைப் பழைய நோட்டில் எழுதி, எங்கே சறுக்கினேன் என்று பார்ப்பேன். ஒரே ஒரு தொடக்கத்தை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஆடினேன். நான்கு மாதத்தில் கை வேகமானது, கண்ணும் வேகமானது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரை ஜெயித்தேன். ஏழுமலையை மட்டும் முடியவில்லை.

அப்போதுதான் அணியில் ஓர் இடம் காலியானது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஆன்லைன் அணி. வாரம் ஒருமுறை வேறு ஊர் அணிகளோடு மோதும். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இடம். ஒரு மாதம் கழித்துப் பத்து ஆட்டம் ஆடி முடிவு செய்யுங்கள் என்றார்கள்.

அந்த இடம் எனக்கு எவ்வளவு பெரிதோ, ஏழுமலைக்கு அதைவிடப் பெரிது. "எதுலனா ஒண்ணுல என் பேரும் வரட்டுமேணா" என்று என்னிடமே சொன்னவன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். மலேசியத் தமிழன் என்று போட்டுக்கொண்டு அவனை ஆட்டத்துக்கு அழைத்தேன்.

அவனிடம் ஓர் அடி உண்டு. மந்திரியைப் பலி கொடுத்து எதிரி ராஜாவை வெளியே இழுப்பான். சரியான நேரத்தில் செய்தால் பிழைக்க முடியாது. நேரம் தப்பினால், எதிரி ஒரு குதிரையைக் காவலுக்குக் கொண்டுவந்தாலே போதும்... மந்திரி போனது போனதுதான். ஏழுமலை அதை எப்போதாவதுதான் செய்வான். யோசித்துத்தான் செய்வான்.

மலேசியத் தமிழன் குதிரையைத் தொடவே இல்லை. ராஜாவைத் தப்பான பக்கம் ஓடவிட்டுத் தோற்றான். ஒரு மாதம் முழுக்கத் தோற்றான்! கூடவே பாராட்டு வேறு: 'செம அடி ப்ரோ! இதை யாராலும் தடுக்க முடியாது.'

ஏழுமலை யோசிப்பதை விட்டான். எடுத்ததும் மந்திரியைத் தூக்கிக் கொடுத்தான். வரிசையில் என் எதிரிலேயே பெருமை வேறு. "மலேசியாக்காரனே மெரண்டு பூட்டான்ணா!"

பத்து ஆட்டத்தில் ஆறு முறை மந்திரியைக் கொடுத்தான். ஆறு முறையும் என் குதிரை தயாராக நின்றது. ஏழுக்கு மூன்று. இடம் எனக்கு.

அவன் சண்டை போடவில்லை. செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். "நீ நல்லா ஆடிக்கினு கீறணா. நான்தான் மக்கு" என்றான். கிண்டல் இல்லை... ஒரு துளிகூட இல்லை.

நேராக மோதியே ஜெயித்திருப்பேனோ? அந்த நான்கு மாத உழைப்பே போதுமாக இருந்திருக்குமோ? இனி எனக்குத் தெரியவே போவதில்லை. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

இப்போது அவன் வரிசையில் யாரோடும் ஆடுவதில்லை. மலேசியாக்காரனோடு மட்டும்தான். போன வாரம் அந்த மலேசியக் கணக்குக்கு ஏழுமலையிடமிருந்து செய்தி வந்தது: 'ப்ரோ, உன்கிட்ட மட்டும் ஜெயிக்கிறன். நம்மூர் ஆளுங்ககிட்ட தோத்துட்டன். என் ஆட்டத்துல இன்னா தப்பு? மறைக்காம சொல்லு.'

பதில் ஒரே வரி. தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்... சொன்னால் பத்தே நாளில் எழுந்துவிடுவான். எழுந்தால் என் இடத்தைக் கேட்பான்!

'தப்பே இல்லை ப்ரோ. இன்னும் வேகமா ஆடு' என்று அனுப்பினேன்.

வளைந்து நின்ற வரிசையில் எனக்கு இரண்டு வண்டி முன்னால், டிராக்டர் இருக்கையில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவன் அதைப் படிப்பதைப் பார்த்தேன். முகம் தெளிந்தது. உடனே என் செல்போனில் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது.

ஏற்றுக்கொண்டேன்.