கெட்டதைப் பொறுக்கும் வேலை

கள்ளிக்குப்பத்தில் தாயம்மா நடத்தும் பட்டறையில் எந்தப் பொருளும் தயாராவதில்லை. மற்றவர்கள் செய்த பொருளில் கெட்டதைப் பொறுக்கி வெளியே போடுவதுதான் அங்கே தொழில். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வைத்திருப்பவர்கள் கடைந்தெடுத்த சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் கூடை கூடையாக வந்து இறங்கும். தாயம்மாவும் மூன்று பெண்களும் அவற்றின் ஓரத்துப் பிசிரை அரம் வைத்து எடுத்து, அளவு பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரிப்பார்கள். நான்கு வருடமாக நடக்கிறது.

அதற்கு முன்பு பதிமூன்று வருடம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தாள். பைக் பிரேக்கில் பொருத்தும் புஷ்தான் அங்கே முக்கியமான சரக்கு. விரல் நுனி அளவு இரும்பு வளையம், நடுவில் துளை. ஒரு நாள் ஒரு பெட்டி முழுக்கத் துளை பெரிதாகிப் போயிருந்தது. ‘பார்த்தேன், சரி’ என்று கையெழுத்துப் போட வேண்டிய சீட்டில் தாயம்மா போடவில்லை. லாரி காத்திருக்கிறது, போட்டுவிட்டுப் போ என்றார் சூப்பர்வைசர் ரகுநாதன். முடியாது என்றாள். வேறு யாரிடமோ கையெழுத்து வாங்கிப் பெட்டியை அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவளைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை.

கணவர் கன்னியப்பன் மினி வேன் ஓட்டுகிறவர். ஒரு கையெழுத்துதானே, போட்டிருந்தால் என்ன என்று அன்று கேட்டார்.

“நீ டெய்லி பிரேக்க நம்பித்தான் வண்டி ஓட்ற. உன் வண்டிக்கு வர்றத எவளோ பாக்காமலே கையெழுத்து போட்டா உனுக்கு பரவால்லயா?” என்றாள் தாயம்மா.

இரண்டு நாள் கழித்து கன்னியப்பன், பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்த வீட்டோரத் தகரக் கொட்டகையைக் காலி செய்து, இங்கேயே சொந்தமாகத் தொழில் பண்ணு என்று கொடுத்தார்.

வேலை கேட்டு தாயம்மா எஸ்டேட்டில் ஏறி இறங்காத சந்து இல்லை. பத்தாவது கூடத் தாண்டாத பொம்பளை எங்கள் சரக்கைப் பார்த்துக் குறை சொல்வதா என்று சிரித்தார்கள். கடைசியில் தட்சிணாமூர்த்தி என்பவர் வேலை கொடுத்தார். இரண்டு லேத் மட்டும் வைத்துத் தானே நின்று ஓட்டுகிறவர். பிசிர் எடுக்க அவரிடம் ஆள் இல்லை. தாயம்மா, பக்கத்துத் தெரு ஞானம்மாளையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டாள். ஞானம்மாள் முன்பு துணிக் கம்பெனியில் தையல் சரிபார்த்தவள். அவள் கண்ணில் படாமல் ஒரு கீறல் தப்பாது.

முதல் அடி மூன்றாம் மாதமே விழுந்தது, அதுவும் அவள் தப்பாலேயே. துளையை அளக்க கேஜ் என்று ஒரு இரும்புக் குச்சி உண்டு. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. புதிது வாங்காமல் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருந்தாள். அதன் நுழைகிற முனை தேய்ந்து மெலிந்திருந்ததால் சின்னத் துளைக்குள்ளும் சுகமாகப் போய் வந்திருக்கிறது. அவள் நல்லது என்று அனுப்பிய ஆறாயிரம் புஷ், தட்சிணாமூர்த்தி சரக்குக் கொடுக்கும் பட்டாபிராம் கம்பெனியில் பொருத்த முடியாமல் நின்றுவிட்டது.

பதிமூன்று வருடத்தில் தன் கை தப்பு பண்ணாது என்று இருந்தவள். ஆனாலும் ஒளியவில்லை. மறுநாள் காலையே புது கேஜ் வாங்கிக்கொண்டு, நான்கு பேரும் ரயில் ஏறிப் பட்டாபிராமுக்குப் போனார்கள். அந்தக் கம்பெனி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மூன்று நாள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை சரக்கைத் தொடுவதற்கு முன்பு கேஜைச் சோதிப்பது பட்டறையில் சட்டமாகிவிட்டது. முதலில் தாயம்மாவைச் சந்தேகப்படு, அப்புறம் இரும்பைச் சந்தேகப்படு என்று ஞானம்மாளிடம் சொல்லி வைத்தாள்.

அவளை நிஜமாகவே உலுக்கிப் பார்த்தது இரண்டாம் வருடம். தட்சிணாமூர்த்தி அனுப்பிய இரண்டாயிரம் புஷ்ஷில், தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல் ஓடியதைக் கண்டுபிடித்தாள் ஞானம்மாள். எண்ணி முடித்தபோது தொண்ணூற்றொன்று. வாங்கிய இரும்பே சரியில்லை, மற்றதையும் நம்ப முடியாது. தாயம்மா மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டு அவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் நேரில் வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் கஷ்டம். முகம் வாடிப் போய், கொட்டகை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த லோடு போகாவிட்டால் பட்டாபிராம் கம்பெனி தன்னை வெட்டிவிடும் என்றார். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அனுப்பச் சொன்னார். தாயம்மா தலையாட்டவில்லை.

“ஒருத்தனும் ஒன்ன உள்ள வுடாதப்போ வேலை குடுத்தவன் நான், தாயம்மா.”

“அத மறக்கல சார். செத்தாலும் மறக்க மாட்டேன். நீங்க இன்னாத்துக்கு எனுக்கு வேலை குடுத்தீங்க? கெட்டத காட்டுன்னுதான. காட்டிட்டேன். இத நல்லதுன்னு சொல்றதுக்கு வேற ஆள பாருங்க.”

அவர் கூடைகளை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அங்கிருந்து ஒரு துண்டு கூட வரவில்லை. அப்போதுதான் தாயம்மாவுக்கு இன்னொன்று உறைத்தது. இரண்டு வருடமாக அவள் நடத்தியது பட்டறையே இல்லை, தட்சிணாமூர்த்தியின் பட்டறைக்கு ஒரு வெளி அறையாக இருந்திருக்கிறாள். ஒரே ஆளை நம்பி இருந்தால் அவரிடம் முடியாது என்று சொல்கிற அன்றே கதவு சாத்திவிடும். சாத்தினாலும் முடியாது என்றுதான் சொல்வேன், ஆனால் கதவு நாலு வைத்துக்கொண்டு சொல்வேன் என்றாள் கன்னியப்பனிடம்.

ஐந்து வாரம் கொட்டகை சும்மா கிடந்தது. தாயம்மா சும்மா இருக்கவில்லை. தன்னிடமே தங்கிவிட்ட, விரிசல் விட்ட புஷ் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் சந்து சந்தாக ஏறினாள். கேட்டவர்களிடம் யார் செய்தது என்று சொல்லவில்லை. என்ன விரிசல், எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மட்டும் காட்டினாள்.

ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவுக்கு இன்ஜினியராக இருந்தவர் ஸ்வாதி. சேலத்திலிருந்து வேலைக்காக வந்து கொரட்டூரில் பிளாட்டில் இருக்கிற இளம்பெண். தாயம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஐந்நூறு துண்டு கொடுத்து அனுப்பினார். சோதனைக்காக அதில் பத்து கெட்டதை அவரே கலந்திருந்தார். அதைச் சொல்லவில்லை.

இரண்டு நாளில் தாயம்மா திரும்பி வந்து மேஜைமேல் தனியாக ஒரு கவரை வைத்தாள். ஸ்வாதி கொட்டி எண்ணினார்.

“நான் பத்துதான் போட்டேன்,” என்றார்.

“நீங்க போட்டது பத்தா இருக்கலாம் மேடம். கெட்டது பதினொண்ணு கீது.”

அந்தப் பதினொன்றாவதை ஸ்வாதி தன் கருவியில் வைத்து இரண்டு முறை அளந்தார். அது ஸ்வாதியின் கம்பெனியே நல்லது என்று தேர்ந்தெடுத்த சரக்கு, ஆனால் அளவு தப்பு. அடுத்த வாரம் எத்தனை கூடை பார்க்க முடியும் என்று கேட்டார்.

இப்போது ஐந்து கம்பெனி வேலை வருகிறது. எதுவும் மொத்த வேலையில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறாள். கெட்ட சரக்கில் கட்டி அனுப்பச் சிவப்புச் சீட்டு அச்சடித்திருக்கிறாள். பெரிய எழுத்தில் ‘தள்ளியது’ என்று இருக்கும். போன மாதம் ஒரு முதலாளி, பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது, ‘மறுபார்வைக்கு’ என்று மாற்றக் கூடாதா என்று நயமாகக் கேட்டார். தாயம்மா அன்று மாலையே அச்சகத்துக்குப் போய் இன்னும் ஆயிரம் சீட்டு அடிக்கச் சொன்னாள். அதே வார்த்தை, அதே எழுத்து. கீழே தன் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் புதிதாகச் சேர்த்தாள்.