அக்கா அழிக்காத மடல்கள்

கணினித் திரையின் இடப்பக்கத்தில் எப்போதும் ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு கோப்புறை. அதற்குள் அந்த ஆளுக்காக நாங்கள் எழுதிய மின்னஞ்சல்களும் வந்த பதில்களும் கிடக்கும். அன்று காலை செயலாளர் அக்கா கணினியைத் திறந்தபோது அந்த இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு பெயரும் இல்லை. அக்கா கத்தவில்லை. மூடித் திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “இங்க பாரு. எனக்கு மட்டும்தான் தெரியலையா, உனக்கும் தெரியலையா?” என்று கேட்டார்.

காஜா பேராங்கில், மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் உதவி மையம். குடியுரிமையும் அதற்கான நீல ஐசி என்னும் அடையாள அட்டையும் இல்லாமல், சிவப்பு ஐசியோடு அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அவர்களில் பலர் சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். நாடு பிறந்தபோதே பிறந்திருந்தும், பிறப்பைப் பதிய யாரும் கூட்டிப்போகாததால் ஐம்பது வயதை நெருங்கும்போதும் அந்நியர்களாகவே இருந்தார்கள். அக்கா அந்த மையத்தின் செயலாளர். நான் தட்டெழுத வந்தவள். அக்காவுக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கணவர் வேலைக்குப் போனதும் கிளேபாங்கிலிருந்து பேருந்து பிடித்து வந்துவிடுவார். மனுக்காரர் ஒவ்வொருவருடைய பிள்ளைகளின் பெயர்கூட அவருக்குத் தெரியும்.

கோப்புறைகள் காணாமற்போன அந்த வாரம்தான் உஜோங் பாசிரில் குடியிருந்த மனுக்காரர் ஐயா ஒருவருக்குப் பதிவிலாகாவில் நேர்காணல் இருந்தது. அவர் செங் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் வாசற்காவலர். அவர் பிறந்தபோது பிரசவம் பார்த்த தோட்டத்து மிஸியை, அதாவது தாதியை, அக்காதான் தேடிக் கண்டுபிடித்தார். படுக்கையில் இருந்த அந்த அம்மாளிடம், இவர் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சத்தியப் பிரமாணம் வாங்கினார். பிறகு அந்த அம்மாள் இறந்துபோனார். மூலத்தாள் ஐயா வீட்டுக் கூரை ஒழுகியதில் ஊறிக் கிழிந்துவிட்டது. அதைக் கணினியில் வருடி எடுத்த படம் மின்னஞ்சலில்தான் இருந்தது. அது போனால் இன்னொருமுறை வாங்க ஆள் இல்லை.

முந்தைய நாள்தான் கணினிக்காரர் வந்து மின்னஞ்சல் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அக்கா அவருக்குப் போன் செய்தார். அவர் வந்து பார்க்கவில்லை. “நான் கைவச்சப்ப எல்லாம் இருந்துச்சு. நீங்க ஏதாச்சும் அழிச்சிருப்பீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். மாலையில் மையத்தின் தலைவர் வந்தார். அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆனால் செயற்குழுவினர் ஒவ்வொருவருக்கும் அங்கேயே நின்றபடி போன் போட்டு, செயலாளரம்மா தவறுதலாக எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று சொன்னார். அக்கா இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கேட்காத ஒரு தீர்ப்பு, யாரும் விசாரிக்காமலே, அந்த மேல்மாடியில் எழுதப்பட்டுவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு பொத்தானை அழுத்தி நூற்றுக்கணக்கான மடல்களை அழித்தவளுக்கு அழித்தது தெரியாமலா போகும்? ‘நிச்சயமாக அழிக்கட்டுமா’ என்று அந்தக் கணினியே கேட்குமே. அந்த அளவுக்காவது தலைவர் கேட்டிருக்கலாம்.

மறுநாள் அக்கா வழக்கம்போல் வந்தார். முகம் வீங்கியிருந்தது. “அழிச்சிருந்தா கணினியில இடம் காலியாயிருக்கணுமில்ல? அப்படியேதான் நிறைஞ்சு கிடக்கு. எங்கயோ இருக்கு” என்றார். இருவரும் தேட ஆரம்பித்தோம். மனுக்காரர்களின் பெயர்களைத் தட்டித் தேடினோம், கிடைக்கவில்லை. மறைத்து வைக்கப்பட்ட கோப்புறைகளையும் காட்டு என்று அமைப்பை மாற்றலாம் என்பது எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. உள்ள பட்டியல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில்தான் அது அகப்பட்டது. மாற்றியதும், மங்கலான நிறத்தில் புதிதாகச் சில கோப்புறைகள் எழுந்தன. உள்ளே போகப்போக ஒன்றுக்கு இரண்டாகப் பயனர் கணக்குகள் இருந்தன. ஒன்று புதிய பதிப்பை ஏற்றியபின் பிறந்தது, வெறுமை. மற்றது பழையது. அதற்குள் எல்லாப் பெயர்களும் இருந்தன. மென்பொருள் புதுக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பழையதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

எடுத்த எடுப்பில் எதையும் நகர்த்த அக்கா விடவில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரு குறுந்தட்டில் நகல் எடுத்தோம். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, பழைய கணக்கிலிருந்த அஞ்சல் கோப்புகளைப் புதியதற்குள் ஒட்டித் திறந்தோம். பெயர்கள் வந்துவிட்டன. ஐயாவின் பெயரைச் சொடுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா திரும்பவும் கோப்புகளைப் பார்த்தார். ஒவ்வொரு பெருங்கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சிறு கோப்பு இருந்தது. மடல்களின் அட்டவணை மட்டும் அதில் இருக்கும்போல. “பெருசுலதான் கடிதம் இருக்கும். சின்னது கெட்டுப்போயிருந்தா?” என்றார். நகல் பத்திரமாக இருந்த தைரியத்தில் ஐயாவின் சிறு கோப்பை மட்டும் நீக்கினோம். திறந்ததும் மென்பொருள் தானே புதிய அட்டவணை போட்டுக்கொண்டது. மடல்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பின. மிஸியின் நடுங்கிய கையெழுத்தைத் திரையில் பார்த்ததும் அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா கணினிக்காரருக்குப் போன் செய்து சொன்னார். “ஓ, கணக்கு மாறிடுச்சா. அது சில நேரம் அப்படித்தான் ஆவும்” என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. தலைவர் வந்தார், சந்தோஷப்பட்டார், எங்களுக்கு ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். அக்கா அதைத் தொடவில்லை. செயற்குழுவினருக்கு மறுபடி போன் செய்து, தான் அழிக்கவில்லை என்று சொல்லும்படி தலைவரைக் கேட்டார்.

“அதான் கிடைச்சிருச்சில்ல, விடுங்கம்மா. இதப் போயி பெரிசு பண்ணிக்கிட்டு.”

“மடல் கிடைச்சிருச்சு சார். நான் அழிச்சேன்னு நீங்க சொன்ன பேச்சு இன்னும் அவங்ககிட்ட இருக்கு. அத நீங்கதான் திரும்ப வாங்கணும்.”

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமோ வெறுப்போ இருந்திருந்தால்கூட எனக்கு இத்தனை காலம் உறுத்தியிருக்காது. ஒன்றுமே நடக்கவில்லை என்கிற சிரிப்பு அது. அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. ஐயாவின் நேர்காணலுக்கு அக்காவே கூடப்போனார், தாள்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தார், அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். அந்த மாதக் கடைசியில் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார். செயலாளரம்மாவால் அந்தப் பழியைத் தாங்க முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பழி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மையம் நகரத்தில் குளிரூட்டிய அறைக்குப் போய்விட்டது. நானும் செயற்குழுவில் ஒருத்தி. போன வருடம் விழா மலர் அச்சாகி வந்தபோது, பழைய வரலாற்றுப் பக்கத்தில் ஒரு வரி: ‘ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் அழிந்த மின்னஞ்சல்கள், தலைவரின் முயற்சியால் மீட்கப்பட்டன.’ படித்ததும் மலர்க் குழுவினரிடம் மாற்றச் சொன்னேன். அச்சடித்தாயிற்று, யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்றார்கள்.

அக்காவுக்குப் போன் செய்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

“ஐயாவுக்கு நீல ஐசி கிடைச்சதப் போட்டிருக்காங்களா?” என்று கேட்டார்.

தலைவர் அவருக்கு மாலை போடும் படமே இருக்கிறது என்றேன்.

அது போதும் என்று அக்கா சொல்லுவார் என எதிர்பார்த்தேன். பெருந்தன்மையாக எதையாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்துவார் என்றும் நினைத்தேன்.

“சந்தோஷம். ஆனா அந்த வரிய மாத்தச் சொல்லு. நான் அழிக்கல” என்றார்.

ஒவ்வொரு கூட்டத்திலும் நான் எழுந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் மாற்றவில்லை.