இருநூறு மைலுக்குக் காவல்

பைத்தா துறைமுகத்துக்குத் தெற்கே எங்கள் மீனவக் குப்பத்தில் தோன் எலியோ பூரிசாக்காவைத் தெரியாதவர் கிடையாது. சந்தேகப்படவே பிறந்த மனுஷர். பச்சை மீனை ஊறவைத்துச் செய்யும் செவிச்சேயில் எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், "மீன் நேத்தையதா?" என்று கேட்டுக் கடைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பாதிரியார் சிரித்தால்கூட நன்கொடைக்கு அடிபோடுகிறார் என்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் அவருக்குக் கடல் சட்ட ஒப்பந்தத்தின் மேல். ஊர் உலகமெல்லாம் சேர்ந்தும் எங்கள் பெரு அரசு இழுத்தடித்துக்கொண்டே இருந்ததில் அவருக்குப் பரம திருப்தி. "இருநூறு மைலும் நம்ம கடல். கையெழுத்துப் போட்டா பன்னெண்டு மைல்தான் மிஞ்சும். மிச்சமெல்லாம் வந்தவன் போனவனுக்கு!" என்று மீனவர் சங்கத்தில் முழங்குவார். அது அப்படித்தானா என்று யாராவது கேட்டால், கேட்டவன் செத்தான். எல்லைக்கு வெளியே நின்று எங்கள் ராட்சதக் கணவாய் மீனை வாரும் அந்நியக் கப்பல்களை நினைத்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

ஒப்பந்தம் பற்றி மீனவர்களின் கருத்தைக் கேட்க தலைநகர் லீமாவிலிருந்து அதிகாரிகள் வரவிருந்த அன்று காலை, மருமகன் வில்மரின் படகு கரை சேர்ந்தது. பெட்டி நிறையக் கணவாய். தோன் எலியோ வழக்கம்போல் கையை விட்டுப் பார்த்தார். மேலே கொழகொழவென்று இருந்தது. நடுவிலோ கல்லாக உறைந்திருந்தது.

"மாப்பிள்ளை, நம்ம படகுல ஐஸ்கட்டிதானே இருக்கு? இதை எவன் இப்படிப் பாறையா உறைய வச்சான்?"

வில்மர் சுற்றுமுற்றும் பார்த்தான். "கத்தாதீங்க மாமா. தண்ணியும் உருளைக்கிழங்கும் கொடுத்தேன். வெளிநாட்டுக் கப்பல்காரன் இதைக் கொடுத்தான்."

"இருநூறு மைல் கோட்டுக்கு அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கந்தான். காவல் படகு இல்லாத நேரம் பாத்து நான்தான் வரச் சொல்லுவேன். விளக்கை அணைச்சிட்டு வருவானுங்க."

"அடப்பாவி! நீயா?"

"போய்ச் சொல்லுங்க. படகும் போகும், நானும் ஜெயிலுக்குப் போவேன். உங்க மக நெல்லிக்கு இது ஏழாம் மாசம். மறந்துடாதீங்க."

வேலியே பயிரை மேய்ந்த கதை. அதுவும் அவர் வீட்டு வேலி! ஊரில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டவர், தன் சோற்றைத் தின்றவனை மட்டும் விட்டுவிட்டார்.

சாயங்காலம் சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. அதிகாரி முதலில் அவரைத்தான் கூப்பிட்டார். தோன் எலியோ எழுந்தார். மகள் நெல்லி முன் வரிசையில், வயிற்றின் மேல் கையை வைத்தபடி பெருமையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கடலை..." என்று ஆரம்பித்தார். நம் கடலையே விற்பவன் பின் வரிசையில் நிற்கிறான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

கூடம் சலசலத்தது. "நேத்துவரைக்கும் குதிச்ச மனுஷனாச்சே!" என்றான் ஒருவன். "லீமாக்காரன் சரிக்கட்டிட்டான் போல," என்றான் இன்னொருவன்.

அப்போது வில்மர் எழுந்தான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"சொந்த மாமனாரே ஆனாலும் கேக்காம விடமாட்டேன். நம்ம கடலை யார்கிட்ட வித்தீங்க, மாமா?"

கூடமே கைதட்டியது. தோன் எலியோ மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த பெருமை போய்விட்டிருந்தது. அழுதுகொண்டே நெல்லியும் கைதட்டினாள்.