சென்னியப்பன் அண்ணனின் சிவப்பு உருமால்

கோயிலில் நான் மொட்டையடித்த பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரை வந்தபோது, என் கத்திதான் காரணம் என்று உடுமலைப்பேட்டை முழுக்கச் சொன்னவர் சென்னியப்பன் அண்ணன். வருடக்கணக்காகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. தலைக்கு ஒரு புது பிளேடு போடுகிறவன் நான். அதற்குப்பின் அவர் உறவில் ஒருத்தரும் என்னை மொட்டைக்குக் கூப்பிடவில்லை.

ஆள் மோசமில்லை. தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். உறவில் எந்தக் குழந்தைக்கு மொட்டை என்றாலும் முதல் ஆளாக நிற்பார், கையில் தன் கல்யாணத்து உருமாலோடு. அந்தச் சிவப்புத் தலைப்பாகைத் துணியை ஒவ்வொரு மொட்டைத் தலையிலும் கட்டி போட்டோ எடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

போன தை மாதம் வேறு ஆளிடம் மொட்டை போட்ட பிள்ளைகளோடு அவர் மகளின் மகள் தர்னிஷாவுக்கும் விசேஷம். அவளுக்குக் காதுகுத்து மட்டும். சில வாரம் கழித்து அவளை இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். மற்ற கடைகளில் தொட மாட்டேன் என்றுவிட்டார்களாம். தலையில் வட்ட வட்டமாகச் சொட்டை, செதில். வழித்துவிட்டு எலுமிச்சம்பழம் தேய்க்க வேண்டும் என்றார். பிள்ளை இரண்டு கையாலும் பின்னலைப் பிடித்துக்கொண்டு அழுதது.

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்ணா, இந்தத் தலையில எந்தக் கத்தி பட்டுச்சுங்க?" என்றேன்.

கடையைச் சாத்திவிட்டு நானே அவர்களைத் தோல் டாக்டர் சாஜிதா பேகத்திடம் கூட்டிப்போனேன். செதிலைச் சுரண்டிப் பார்த்தவர், பூஞ்சைத் தொற்று என்றார். சீப்பு, துண்டு, தொப்பி எதையாவது மற்ற பிள்ளைகளோடு மாற்றிப் போட்டாளா என்று கேட்டார்.

"அப்புச்சி உருமால் கட்டியுட்டாருங்க," என்றது பிள்ளை. "மொட்டைக்கெல்லாம் கட்டிப்போட்டு, கடைசியா எனக்கு."

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

வழிக்கவே வேண்டாம், ஆனால் முடி வந்துவிட்டது என்று மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் வேளை தவறாமல் கொடுத்தார். ஒருநாள் பிள்ளையை மொபெட்டில் முன்னால் நிறுத்தி, தெருமுனையிலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார். தொட்டுப் பார் என்றார். சொட்டை இருந்த இடமெல்லாம் விரலில் குத்தியது முடி!

அடுத்த மொட்டைக்கு என்னையே கூப்பிட்டார். உறவு மொத்தமும் பார்க்க, கொதிக்க வைத்துக் காயப்போட்ட உருமாலை என் மடியில் வைத்தார்.

"உன் கத்தி மேல குத்தஞ் சொன்னது நான்தான் தம்பி. இதைக் கொழந்தைக்கு ஒண்ணா வெட்டிப்போடு. அளவு பார்த்து வெட்டு, எந்தத் தலைக்கும் பத்தாமப் போயிரக் கூடாது."