தொட்டிக்குள் தெரிந்த மாடி

நகரத்தின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். அதன் உச்சந்தலையைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்கள்தான். தொட்டிக்காரிக்கும் அவள் புருஷனுக்கும் அந்தக் கொடுப்பினை வெகுகாலம் இருந்தது. அவன் உள்ளே இறங்கித் தேய்ப்பான். அவள் மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்து, அழுக்குத் தண்ணீரை வாளி வாளியாக இழுப்பாள். தொட்டி காயும்வரை இருவரும் அதன் மேலேயே உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டு, சினிமாக் கொட்டகை, பழைய தபால் கட்டடம் என்று யாரும் ஏறாத இடங்களாகத் தேடி வேலை பிடிப்பான். ஊரே சீட்டு வாங்கிக் கண்ணாடிக் கோபுரத்தில் ஏறுவது அவனுக்குச் சிரிப்பாக இருக்கும். அங்கிருந்து எல்லாம் தெரியும், அந்தக் கோபுரத்தைத் தவிர என்பான்.

அவள் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், புதிதாகக் கிடைத்த வேலைக்குத் தனியாகப் போய், அந்தக் கட்டடத்துக் காவலாளியைக் கயிறு பிடிக்க வைத்து முடித்துவிட்டு வந்தான். வந்ததும் வராததுமாக, இன்று பார்த்ததுபோல் எங்கேயும் பார்த்ததில்லை, நம் வீடே தெரிகிறது என்றான். எந்த இடம் என்று கேட்டாள்.

"சொல்லிட்டா சப்புன்னு போயிடும். நீ எழுந்திரு, கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

அவள் எழுந்தாள்; அவன் எழவில்லை. அந்த வாரமே தூக்கத்தில் மார்வலி வந்து போய்ச் சேர்ந்தான்.

அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லாமல் போயிற்று. அவன் தங்கையை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். நாத்தனார் உள்ளே, இவள் மேலே. ஒவ்வொரு தொட்டியின் மேலும் எழுந்து நின்று நாலு பக்கமும் தேடுவாள். அத்தனை கூரைக்கு நடுவே அவள் வீடு மட்டும் அகப்படாது. சில சமயம் முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். திரும்பினால் காற்று.

"என்ன அண்ணி, வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? பஸ் நம்பர் வேணா நான் சொல்றேன்," என்று தொட்டிக்குள்ளிருந்து நாத்தனார் குரல் வரும்.

ஏற்கெனவே ஏறிப் பார்த்துக் கைவிட்ட பிஸ்கட் கம்பெனித் தொட்டியை மறுபடி கழுவப் போன அன்று, நாத்தனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தொட்டிக்காரி முதன்முறையாக உள்ளே இறங்கினாள். இருட்டு, பாசி வாடை. அவள் மூச்சே வேறு யாரோ விடுவதுபோல் சுவரில் பட்டுத் திரும்பியது. நிரம்பி வழியும் தண்ணீர் வெளியேற வைத்த குழாய், தலை உயரத்தில் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது. துடைக்கப் போனவள் கண்ணை வைத்தாள்.

வட்டத்துக்குள் நகரம். மேலே நின்றால் விளம்பரப் பலகை மறைக்கிற பக்கம் அது. குழாய் பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. நட்டநடுவில், விரல்நகம் அளவுக்கு, அவள் வீட்டு மொட்டைமாடி. கயிறு பிடித்தே பழகியவள் எல்லாத் தொட்டியிலும் மேலே நின்றே தேடியிருக்கிறாள். அவன் பார்த்ததோ உள்ளே நின்று.

மாடி வெறிச்சென்று கிடந்தது. இதற்கா அப்படிப் பூரித்துப்போனான் என்று நினைத்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் தனியாக வேலைக்குப் போன அன்று, காய்ச்சலோடு அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த மாடியில்தான் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அவன் பார்த்தது வீட்டை அல்ல. அவன் பார்த்ததை அவள் எந்த ஜென்மத்திலும் பார்க்க முடியாது.

அடுத்த முறை அந்த வேலை வந்தபோது நாத்தனாரையும் நாத்தனாரின் புருஷனையும் அனுப்பினாள். உள்ளே இறங்கியதும் குழாய் வழியாக ஒரு தடவை என்னைப் பார் என்று சொல்லிவிட்டு, மாடியில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் யாரோ பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் படுகிற வெயில் மாதிரி அது அவள்மேல் இருந்தது. மதியம் தாண்டியும் விலகவில்லை. அந்தி சாயும்வரை அவள் இறங்கவில்லை.

இருட்டும் நேரத்துக்கு வந்த நாத்தனார் தலையைச் சொறிந்தாள். காலையிலேயே கழுவி முடித்துத் தொட்டியில் தண்ணீரும் விட்டுவிட்டார்களாம்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அவசரத்துல மறந்தே போச்சு. யாருமே பாக்கலை."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள், மாடியில் ஒரு வேலையும் இல்லாதபோதும், தலையை வாரிக்கொண்டு படியேறினாள்.