எல்டர் மோர்டென்சனின் ஸ்பானிஷ் கடிதம்

பத்தொன்பது வயதுப் பையனை 'எல்டர்', அதாவது மூப்பர், என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க மோர்மன் கிறிஸ்தவர்களான எங்களால்தான் முடியும். வான்கோழிப் பண்ணைக்காரர் வெர்லின் கடைசிப் பிள்ளை ட்ரென்ட்டுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. 1984 பிப்ரவரியில் ப்ரோவோ நகரத்து ஊழியப் பயிற்சி மையத்தின் வாசலில் பெட்டியோடு இறங்கி, சட்டையில் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டதும் அவன் எல்டர் மோர்டென்சன் ஆகிவிட்டான். எட்டு வாரம் ஸ்பானிஷ் படிக்க வேண்டும், பிறகு இரண்டு வருடம் பராகுவேயில் வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் ஊழியம்.

அம்மா ஆர்டித் அழவில்லை. "போய்ட்டு வாடா. வாராவாரம் எழுது. ஊரே காத்துக்கிட்டிருக்கும்," என்றாள். அப்பா கையைக் குலுக்கினார். கார் போய்விட்டது.

வீடு என்ன, கடல் தாண்டியா இருந்தது? மலையைச் சுற்றித் தெற்கே ஒன்றரை மணி நேரம். ஆனால் போகக் கூடாது, அவர்களும் வரக் கூடாது. தொலைபேசி வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்.

இதில் இன்னொரு கூத்து, தனிமையில் வாடும் அவனுக்குத் தனியாக இருக்கவே அனுமதி இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் எப்போதும் இருக்க வேண்டும், கழிப்பறை மட்டும் விதிவிலக்கு. ட்ரென்ட்டுக்கு வாய்த்த ஜோடி எல்டர் பிங்கம், அரிசோனாக்காரன். மெக்சிகோ எல்லைப் பக்கம் வளர்ந்தவனாதலால் ஸ்பானிஷ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ட்ரென்ட் ஒரு வாக்கியத்தை முக்கி முக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவன் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான்.

"மறுபடியும் பாத்ரூமா, எல்டர்? வயிறு சரியில்லையா, இல்ல வீட்டு ஞாபகமா?"

"வயிறுதான்."

"நல்ல வயிறுய்யா. கரெக்டா வீட்டு லெட்டர் வந்ததும் கலக்குது."

மூன்றாவது வாரம் ஆசிரியர் ஹாட்ச் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தார். "இன்னைலேர்ந்து ஸ்பானிஷ் மட்டும்தான். சாப்பாட்டு அறையிலயும் சரி, மாடிப்படியிலயும் சரி. வார்த்தை தெரியலைன்னா சும்மா இருங்க." ட்ரென்ட் சும்மாவே இருந்தான். உப்பு வேண்டும், கதவைத் திற, நான் சந்தோஷமாக இருக்கிறேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

சரி, வீட்டுக்காவது மனதைத் திறந்து எழுதலாமே என்றால் அதுவும் நடக்காது. அவன் கடிதத்தை அம்மா தட்டச்சு செய்து, படியெடுத்து, சபையில் வீட்டுக்கு ஒன்று கொடுப்பாள். எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லோரும் செய்வதுதான். நூற்றிருபது பேர் படிக்கும் கடிதத்தில் எந்தப் பையன் உண்மையை எழுதுவான்? உணவு அருமை, ஜோடி சகோதரனைப் போல, ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று ஜோடித்து ஜோடித்து எழுதினான். பாதியில் திரும்பி வந்த பையன்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியாதா? குத்தலாக எதுவும் பேச மாட்டார்கள், மரியாதையாகக் கை குலுக்குவார்கள். அதுதான் தாங்காது.

நான்காவது வாரச் செவ்வாய்க்கிழமை, கடிதம் எழுதும் நாள். "இந்த வாரம் வீட்டுக்கு ஸ்பானிஷ்ல எழுதுங்க," என்றார் ஹாட்ச். "திருத்த மாட்டேன், பார்க்கவும் மாட்டேன்."

ட்ரென்ட் உட்கார்ந்தான். ஜோடிப்பதற்கு அவனிடம் வார்த்தை ஏது? கையிலிருந்த சின்னச் சின்ன வார்த்தைகளைப் பொறுக்கிப் போட்டான். எப்படியும் வீட்டில் யாருக்கும் புரியப் போவதில்லை.

'அம்மா. நான் தனியாக இருக்கிறேன். என் ஜோடி என்னோடு பேசுவதில்லை. பாத்ரூமில் அழுகிறேன். எனக்கு இந்த இடம் வேண்டாம். எனக்கு என் வீடு வேண்டும்.'

உறையில் போட்டு ஒட்டிய பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை அம்மாவின் பதில் வந்தது. 'ஸ்பானிஷ் கடிதம்! உன் அப்பா அதைப் பண்ணையாட்களிடமெல்லாம் காட்டினார். நம்ம சகோதரர் நீல்சன் அந்தக் காலத்தில் உருகுவேயில் ஊழியம் செய்தவராயிற்றே, ஞாயிறு காலை சபையில் எல்லோருக்கும் முன்னால் அதை வாசித்து, வரிக்கு வரி அர்த்தம் சொல்லப் போகிறார். நானே இன்னும் என்னவென்று தெரியாமல் காத்திருக்கிறேன்.'

அவன் கடிதத்தை மறுபடி படித்தான். அட பாவி, நீல்சனை எப்படி மறந்தேன்? அம்மா முன்வரிசையில் நீல உடுப்பில் உட்கார்ந்திருப்பாள். நீல்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'பாத்ரூமில் அழுகிறேன்' என்று ஒலிபெருக்கியில் சொல்வார்.

சனிக்கிழமை காலை, மையத்தில் அவன் பிரிவுப் பையன்களுக்குப் பொறுப்பான கிளைத் தலைவர் டர்லியின் அறைக்குப் போனான். பிங்கமும் பின்னாலேயே வந்தான், வராமல் இருக்க முடியாதே.

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும், பிரசிடென்ட்."

"யாராவது தவறிட்டாங்களாப்பா?"

"இல்லைங்க."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. ஒரு கடிதம்... அதை வாசிக்க வேணாம்னு சொல்லணும்."

"அப்படி என்ன எழுதின?"

ட்ரென்ட் பிங்கமைப் பார்த்தான். பிங்கம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லைங்க."

"அப்போ ஜெபம் பண்ணு, எல்டர். எல்லாம் சரியாயிடும்," என்று டர்லி தோளில் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது பையன்கள் அவரிடம் இப்படி வருவார்கள்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு ஊரில் ஆராதனை. அதே ஒன்பதுக்கு இங்கேயும். ட்ரென்ட் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பதே கால், திருவிருந்தின் அப்பமும் தண்ணீரும். ஒன்பதரை, நீல்சன் எழுந்திருப்பார். பத்து மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும், மானம் போனது போனதுதான். இனி வீட்டுக்கும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது என்று தோன்றியது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பிங்கம்தான் திருப்பி வைத்தான்.

புதன்கிழமை அம்மாவின் உறை வந்தது. நேரே பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

முதல் தாள் தட்டச்சு செய்தது. 'உன் அம்மாவின் முட்டாள்தனத்தைக் கேள். கடிதத்தை ஏப்ரன் பையில் வைத்து அப்படியே துவைத்துவிட்டேன். மை கரைந்து ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. சகோதரர் நீல்சனுக்கு ஏமாற்றம். சபையில் எல்லோரும் சிரித்தார்கள்.'

உள்ளே இன்னொரு தாள், சின்னதாக மடித்தது. அம்மாவின் கையெழுத்தில் ஸ்பானிஷ்! அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பெயர்த்து எடுத்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவனுக்குத் தெரியாத வார்த்தை அதில் ஒன்றும் இல்லை.

'மகனே. சனிக்கிழமை நூலகம் போனேன். அகராதி எடுத்தேன். உன் கடிதம் படித்தேன். கடிதம் என்னிடம் இருக்கிறது. சபையில் பொய் சொன்னேன். நானும் தனியாக இருக்கிறேன். வீடு பெரிது. அப்பா வான்கோழிகளோடு பேசுகிறார். நானும் அழுகிறேன். ஊர் பேசட்டும். கார் என்னிடம் இருக்கிறது. வரட்டுமா?'

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அதை நான்கு முறை படித்தான். பத்தொன்பது வருடத்தில் அம்மா தனியாக இருக்கிறாள் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அவளும் எதையாவது அழகாக எழுதி மூடியிருப்பாள். கதவைத் தட்டினான் பிங்கம்.

"எல்டர்? இருக்கியா?"

"இருக்கேன். பேப்பர் ஒண்ணு குடு."

கதவின் அடியில் ஒரு தாள் உள்ளே வந்தது. அன்று கடிதம் எழுதும் நாள் இல்லை. பிங்கம் அதைச் சொல்லவும் இல்லை.

'அம்மா,' என்று ஸ்பானிஷில் எழுதினான். 'இந்த வாரம் வேண்டாம். அடுத்த வாரமும் கேள்.'

அவள் கேட்டாள். சபைக்குப் படியெடுக்க ஆங்கிலத்தில் ஒன்று, அவளுக்கு மட்டும் ஸ்பானிஷில் ஒன்று என்று அவன் எழுதினான். பயிற்சி முடிந்து விமானம் ஏறிய பிறகும் அவள் விடவில்லை. பராகுவேக்குக் கார் போகாது என்று நன்றாகத் தெரிந்தும் நூறு வாரமும் கேட்டாள், கார் என்னிடம் இருக்கிறது, வரட்டுமா என்று.