நேர்ந்தது ஒரு கால், செலுத்தியது இரண்டு

என் காலை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. புதுவயலில் ஓர் அரிசி ஆலைக் களத்தில், அவித்த நெல்லைக் காலால் கிண்டிக் காயவைக்கிற வேலை எனக்கு. வீட்டுக்காரர் இல்லை. மகள் படிக்கிறாள்.

போன மாசியில் ஒரு நாள், களத்தில் நடந்துகொண்டிருந்தபோது இடது கெண்டைக்காலில் சுளீரென்று ஓர் அடி. கூட வேலை செய்யும் செல்விதான் கம்பால் அடித்துவிட்டாள் என்று அவளைக் கண்டபடி ஏசினேன்.

"நான் களத்துக்கு அங்குட்டு நிக்கிறேன். எப்புடிக்கா அடிப்பேன்?" என்றாள்.

சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினோம். வலி கூடியதுதான் மிச்சம். வீக்கம் வடிந்த பிறகும் குதிகாலுக்கு மேலே, உள்பக்கத்தில் ஒரு புடைப்பு அப்படியே நின்றது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டியாக இருக்கலாம், அறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நொண்டிக்கொண்டே போய் மாரியம்மன் முன்னால் நின்றேன். குணமாக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஆத்தா, உள்ள இருக்கது என்னன்னு காட்டு. தெரியாம அறுக்க விடமாட்டேன்" என்றேன். காட்டினால் வெள்ளியில் ஒரு கால் செலுத்துவதாக நேர்ந்துகொண்டேன்.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போய், முதலில் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கொடுத்தார். காரைக்குடியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது காலையும் நீட்டச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிக்கிற காலை விட்டுவிட்டு நல்ல காலை எதுக்குப் பார்க்கிறீக என்று கேட்டேவிட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கால்லயும் அதே இருக்கு, பாருங்க. கட்டி இல்லம்மா. எல்லாருக்கும் இல்லாத ஒரு தசை உங்களுக்குப் பிறவியிலேயே கூடுதலா இருக்கு. இடது கால்ல அது கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாரோ அடிச்ச மாதிரி சுளீர்னு இருந்ததும் அதனாலதான்."

பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது. கத்தி வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதம், ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்தேன். களத்தில் மறுபடி கால் வைத்த அன்று முதல் வேலையாகச் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நேர்த்திக்கடனுக்கு வெள்ளிக்கடையில் ஒரு சோடிக் கால் கேட்டேன். ரெண்டு காலுமா முடியாமல் இருந்தது என்றார் கடைக்காரர்.

"வலிச்சது ஒண்ணுதாண்ணே. காட்டிக்கொடுத்தது மத்தது."

ஆத்தாவிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அவள் காட்டுகிற இடத்துக்கு நொண்டிக்கொண்டாவது போய்ச் சேருங்கள்.